வில்லங்கம், எண்ணிக்கை ஒன்று

வேன்காரரின் வீட்டில் இருபத்திரண்டு வருடமாக ஒரு வில்லங்கம் குடியிருந்தது. அது வேன்காரருக்கே தெரியாது. தினமும் சாயங்காலம் அதோடு உட்கார்ந்துதான் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற வேன் அவருடையது. காலை ஒன்பதரைக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டால் மறுபடி மூன்று மணிக்குத்தான் வேலை. நடுவில் கிடக்கிற நேரத்தில் வண்டியைத் துடைப்பார், செய்தித்தாளைப் புரட்டுவார், கொஞ்சம் கண்ணை மூடுவார். இப்படி ஒரு மனிதனுக்கு ஐந்தரை மணி நேரம் சும்மா இருக்கிறது என்று யாரோ மேலிடத்தில் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. அவ்வளவு சரியாக அந்த ஐந்தரை மணி நேரமும் பறிபோயிற்று.

எல்லாம் ஒரு சுவரால் வந்தது. வீட்டின் பின்பக்கத்து அறைக்குச் சந்துப் பக்கமாக ஒரு சுவர். இரண்டு மழைக்காலம் ஊறி ஊறி அது வயிறு தள்ளி நின்றது. கொத்தனார் வந்தார். விரலால் தட்டினார், காதை ஒட்டவைத்துக் கேட்டார், ஒரு அடி பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"நாலு நாள் வேலைதான். ஆனா மழை பிடிக்கறதுக்குள்ள முடிச்சுடணும். சாரம் சந்துலதான் நிக்கும், சந்து பொதுவழி. ஒரு அனுமதிச் சீட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க, மறுநாளே ஆரம்பிச்சுடலாம்."

அந்த 'மட்டும்' என்ற சொல்லை வேன்காரர் அன்றைக்குப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அனுமதி கொடுக்கிற இடத்தில் நல்லபடியாகத்தான் பேசினார்கள். எல்லாம் சரி, வில்லங்கச் சான்று மட்டும் வேண்டும் என்றார்கள். வீட்டின் மேல் இன்னொருவருக்குப் பாத்தியதை, பிடிப்பு, சுமை என்று எதுவும் கிடையாது என்று பதிவகம் எழுதித் தருகிற தாள் அது. "நம்ம வீட்டுல என்ன வில்லங்கம் இருக்கப் போகுது" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வேன்காரர் பதிவகத்துக்குப் போய் நாலாம் நம்பர் கவுன்ட்டரில் மனு கொடுத்தார். பதினோராவது நாள் தாள் வந்தது. முத்திரை, கையொப்பம் எல்லாம் கனமாக இருந்தன.

வில்லங்ம்: உண்டு.
தன்மை: ஆயுட்கால வசிப்புரிமை, பின்பக்கத்து அறை.
விவரம்: உரிமையாளரின் அக்கா.
எண்ணிக்கை: ஒன்று.

வேன்காரர் அதைப் படிக்கட்டில் நின்றபடியே மூன்று தடவை படித்தார். அவருக்கு அக்கா ஒன்றுதான். எண்ணிக்கையில் தப்புச் சொல்ல முடியாது.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது துருவினால், "நேரம் கிடைக்கலை" என்பார். அப்பா போகும்போது வீட்டை மகன் பேருக்கு எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார்: என் மகள் இருக்கிற காலம் மட்டும் பின்பக்கத்து அறையில் இருந்துகொள்ள வேண்டியது, அவளை யாரும் எழுந்திரு என்று சொல்லக் கூடாது. யாருக்கும் அப்படிச் சொல்கிற யோசனையே இல்லாததால் அந்த வரியை ஒருவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. பதிவகம் மட்டும் வைத்திருந்தது.

தாளைச் சட்டைப்பைக்குள் நாலாக மடித்துக்கொண்டுதான் வேன்காரர் வீட்டுக்குள் வந்தார். மனைவி விடவில்லை.

"என்ன போட்டிருக்கு? குடுங்க இப்படி."

"ஒண்ணுமில்ல. என்னமோ தப்பா அடிச்சிருக்காங்க போல."

தப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். அது அவருடைய தொழில். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. அக்கா மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை படித்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தப்புதான். 'வில்லங்கம்'ல 'க' விட்டுப்போச்சு" என்றவர், பேச்சோடு பேச்சாகச் சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு எழுத்துக்கும் நடுவில் ஒரு குறி போட்டு, ஓரத்தில் 'க' என்று எழுதிவிட்டார்.

"அய்யய்யோ, அக்கா! அது சர்க்கார் தாளு!"

"ஆமா இல்ல... கை தானாப் போயிடுச்சுடா."

"மனசுல வச்சுக்காதீங்க அண்ணி" என்றாள் மனைவி.

"மனசுல வைக்க என்ன இருக்கு? அம்மா என்னைத் தினம் வாயால சொன்னதை இவங்க சீல் அடிச்சுக் குடுத்திருக்காங்க" என்று அக்கா சிரித்தார். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார் என்று வேன்காரருக்குப் பட்டது.

மறுநாள் நாலாம் நம்பர் கவுன்ட்டர் அம்மா அந்தச் சிவப்பு மையைப் பார்த்ததும் மேசை விசிறியை அணைத்துவிட்டார்.

"இது யாரு போட்டது?"

"எங்க அக்கா."

"அவங்க யாரு இதுல கை வைக்க?"

"அதான்... விவரம்னு போட்டிருக்கீங்களே. அவங்கதான்."

கவுன்ட்டர் அம்மா வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "வில்லங்கமே வந்து வில்லங்கத்தைத் திருத்தியிருக்கு." பிறகு தாளை ஓரமாகப் பிடித்துக்கொண்டு, கண்காணிப்பாளரிடம் போகச் சொன்னார்.

கண்காணிப்பாளர் அறைச் சுவரில் புதிதாக ஒரு துணிப்பலகை தொங்கியது. 'சரியான சொல், சரியான சொத்து: சொற்பொருள் விழிப்புணர்வு மாதம்.' அதன் கீழே உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் நல்ல மனிதர். வந்தவரை உட்காரச் சொன்னார்.

"இந்த அலுவலகத்துல முப்பத்தொன்பது வருஷமா எழுத்துப் பிழையே கிடையாது. எப்படின்னு சொல்லுங்க பாப்போம்?"

"எல்லாரும் கவனமா எழுதுவாங்க சார்."

"யாரும் படிக்கறதில்ல. படிச்சாத்தானே பிழை வரும்? உங்க அக்கா படிச்சுட்டாங்க, வந்துடுச்சு."

"அப்ப அந்த 'க'வைப் போட்டுக் குடுத்துட்டீங்கன்னா..."

"அவசரப்படாதீங்க. 'வில்லங்ம்'னு ஒரு சொல்லை இந்த அலுவலகம் முத்திரை போட்டு வழங்கியிருக்கு. வழங்கிட்டதால அதுக்கு ஒரு பொருள் இருந்தே ஆகணும். பொருள் இல்லாத ஒண்ணுல நான் கையெழுத்துப் போட்டேன்னு சொல்றீங்களா?"

"இல்ல சார்."

"அப்ப பொருள் இருக்கு. என்னன்னு சொற்பொருள் பிரிவு முடிவு பண்ணும்."

சொற்பொருள் பிரிவு என்பது மாடிப்படிக்குக் கீழே போட்ட ஒரு மேசை. அது ஒன்பது நாள் யோசித்தது. 'வில்லங்ம்' என்பது வில்லங்கத்தை ஒத்தது, ஆயினும் அதனிலும் சற்றுக் குறைந்தது என்று முடிவு எழுதியது. குறைந்தது என்றதும் வேன்காரருக்கு நெஞ்சில் ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. குறைந்த வில்லங்கத்துக்குத் தனியாக விதி இல்லாததால் அதை முழு வில்லங்கமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அடுத்த வரி இருந்தது.

"மனசை விட்டுடாதீங்க" என்றார் கண்காணிப்பாளர். "ஜனங்களுக்கு இந்தச் சொல்லே புரியறதில்ல. வில்லங்கம்னா வம்புன்னு நினைக்கிறாங்க. 'அவன் வில்லங்கமான ஆளு'ங்கறாங்க. அதெல்லாம் கொச்சை. வில்லங்கம்னா ஒரு பிடி. ஒரு பொருள் மேல உங்களைத் தவிர இன்னொருத்தருக்கு இருக்கற பிடி. இருக்கக் கூடாதுன்னு நாங்க சொல்லலை. இருந்தா எழுத்துல இருக்கணும். எழுத்துல இருந்தா நீக்கணும். எல்லாத்தையும் நீக்கிட்டா யாருக்கும் யார் மேலயும் ஒண்ணும் இருக்காது. அப்படி ஒரு நாள் வரணும்னுதான் நாங்க ராப்பகலா உழைக்கிறோம்."

"சார், அதுக்குள்ள சுவர் விழுந்துடுமே."

"அது வேற பிரிவு" என்றார் கண்காணிப்பாளர் அன்போடு. பிறகு வழியும் அவரே சொன்னார். வில்லங்கம் தானாக வந்து, எனக்கு இந்த உரிமை வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் ஒரே நாளில் முடிந்தது.

இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று வேன்காரர் இரண்டு நாள் தவித்தார். சொன்னபோது அக்கா கையிலிருந்த புரூஃப் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எழுதிக் குடுத்துட்டாப் போச்சு. இதுக்கா ரெண்டு நாளா மூஞ்சியைத் தொங்கப்போட்டுட்டு அலைஞ்சே? எழுதிக் குடுத்துட்டா நீ என்னை வெளிய போன்னா சொல்லப்போறே?"

"என்ன பேச்சு அண்ணி இது" என்று மனைவி உள்ளே போய்விட்டாள்.

அக்கா அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு, இருக்கிறதில் நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, தம்பியோடு வேனில் முன்சீட்டில் உட்கார்ந்து பதிவகத்துக்கு வந்தார். நாலாம் நம்பர் கவுன்ட்டரில் கேட்டார்கள்.

"மனுதாரர் யாரு?"

"இவன். என் தம்பி."

"நீங்க?"

"நான்தான் அந்த வில்லங்கம்."

கவுன்ட்டர் அம்மா எழுந்தே நின்றுவிட்டார். "நீங்க எப்படி இங்க வந்தீங்க?"

"வேன்ல."

"வில்லங்கம் சொத்தோடதானே இருக்கணும்! விதியிலேயே இருக்கு, பாருங்க. 'வில்லங்கமானது சொத்தைத் தொடரும், சொத்தை விட்டு அகலாது.' நீங்க பாட்டுக்கு அகன்று வந்திருக்கீங்க?"

அக்கா அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். "இது உரிமைக்குச் சொன்னதும்மா. வீடு கை மாறினாலும் உரிமை கூடவே போகும்னு அர்த்தம். ஆளைக் கட்டிப்போடச் சொல்லலை."

"ஆளுன்னு எங்க பதிவுல எங்கேயுமே இல்லையே. விவரம், எண்ணிக்கை, அவ்வளவுதான்."

"அப்ப நான் ஆளில்லையா?"

"அதை நாங்க சொல்ல முடியாது. பதிவுல இல்லைன்னுதான் சொல்ல முடியும்" என்றார் கவுன்ட்டர் அம்மா. அவர் குரலில் கோபமே இல்லை. 'வில்லங்கம் இடம்பெயர்ந்து காணப்பட்டது' என்று ஓர் அறிவிப்பை எழுதித் தந்தார். ஆய்வாளர் நேரில் வந்து பார்க்கும் வரை, அலுவலக நேரமான பத்து முதல் ஐந்து வரை, வில்லங்கம் அதற்குரிய அறையில் இருந்தாக வேண்டும். தவறினால் கோப்பு மூடப்படும், முதலிலிருந்து மனுப் போட வேண்டும்.

திரும்பி வரும்போது ஒரு சிக்னலில் அக்கா, "மொழி நல்லாத்தான் இருக்கு. 'அகலாது'ன்னு அழகா எழுதியிருக்கான்" என்றார்.

அன்றிலிருந்து அக்கா அந்த அறையில் உட்கார்ந்தார். அச்சகத்திலிருந்து புரூஃப் கட்டுகளை வீட்டுக்கே வரவழைத்துக்கொண்டார். கட்டில் ஒரு பக்கம், மேசை ஒரு பக்கம், நடுவில் வயிறு தள்ளிய சுவர். மூன்றாவது நாள் மழை ஆரம்பித்தது. சுவரில் ஒரு விரிசல் கூரையிலிருந்து இறங்கி ஜன்னல் வரைக்கும் வந்தது. வேன்காரர் ஒரு மரக்கட்டையைக் கொண்டுவந்து உட்பக்கமாக முட்டுக்கொடுத்தார்.

"ஹாலுக்கு வந்து உக்காருங்க அண்ணி. வாசல்ல ஆள் வந்தா ஓடிப்போய் உள்ள உக்காந்துக்கலாம்" என்று மனைவி தினமும் கெஞ்சினாள்.

"என் காலுக்கு ஓட வருமா? அவன் வந்து எட்டிப் பாத்துட்டு, ஆள் இல்லைன்னு எழுதிட்டுப் போயிட்டா? தம்பி மறுபடியும் முதல்ல இருந்து நிக்கணும். போ, போய் வேலையைப் பாரு."

வேன்காரர் தினமும் பத்து மணிக்குப் பதிவகத்தில் போய் நின்றார். ஆய்வாளர் எப்போது வருவார் என்று கேட்டார். ஆய்வாளர் வெளியில் இருக்கிறார் என்றார்கள். வெளியில் என்றால் எங்கே என்று கேட்டார். அது தெரிந்தால் உள்ளே இருக்கிறார் என்றுதானே சொல்வோம் என்றார்கள். அவருக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்துகிற பழக்கம் இல்லாததால் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளை ஏற்றும்போது இரண்டு பேரை எண்ண மறந்துபோய், பாதி வழியிலிருந்து திரும்பிப் போனார். இருபது வருடத்தில் அது முதல் தடவை.

ஆய்வாளர் எட்டாவது நாள் வந்தார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் எடை பார்க்கிற மெஷின்.

"இது எதுக்கு சார்?"

"படிவத்துல கேட்டிருக்கே. 'சொத்தின் மீதான சுமை, கிலோவில்.' ஏறச் சொல்லுங்க."

அக்கா தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தார். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு மெஷினில் ஏறினார். அறுபத்தொன்று காட்டியது.

"கண்ணாடியோடவா, கண்ணாடி இல்லாமலா?" என்று கேட்டார் அக்கா.

ஆய்வாளர் ஒரு கணம் யோசித்து, "கண்ணாடியோடன்னே போட்டுக்கறேன்" என்றார். நீளம் என்ற இடத்தில் ஐந்தடி ஒரு அங்குலம் என்று எழுதினார். அகலம் என்ற இடத்துக்கு வந்தபோது கூரையிலிருந்து ஒரு கைப்பிடி காரை உதிர்ந்து தாளில் விழுந்தது. ஆய்வாளர் பொறுப்புள்ள மனிதர், படிவத்தைப் பாதியில் விடவில்லை. வாசலுக்கு வெளியே போய் நின்று, அங்கிருந்தே எட்டிப்பார்த்து மிச்சத்தை நிரப்பினார். கடைசி வரியில் 'அறை மனிதர் வசிக்கத் தகுதியற்றது' என்று எழுதி அடிக்கோடு போட்டார்.

"அதைத்தான் சார் நாங்களும் ஒரு மாசமா சொல்றோம்" என்று வேன்காரர் கும்பிடாத குறையாகச் சொன்னார். "அப்ப அனுமதி குடுத்துடுவாங்க இல்ல?"

"அது எனக்குத் தெரியாது. நான் பாக்கறதை எழுதறவன்." குடையை விரித்துக்கொண்டே ஆய்வாளர் அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "உத்தரவு வர்ற வரைக்கும் உள்ளேயே இருங்கம்மா. இப்ப பதிவாயிடுச்சு, இனி நகர்ந்தா சிக்கல்."

மறுநாள் காலை வேன்காரர் அந்த அறிக்கையோடு கண்காணிப்பாளர் முன்னால் உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் அதை ரசித்துப் படித்தார்.

"ஒரு சின்னச் சிக்கல். அறை வசிக்கத் தகுதியில்லைன்னு வந்திருக்கு. வசிக்க முடியாத இடத்துல வசிப்புரிமையை அனுபவிக்க முடியாது. அனுபவிக்காத உரிமையை எப்படி விட்டுக்குடுக்கறது? கையில இல்லாததை நான் உங்களுக்குக் குடுத்தேன்னா நல்லா இருக்குமா?"

"இப்ப என்ன சார் பண்ணணும்?"

"அறையைச் சரி பண்ணுங்க. வசிக்கற மாதிரி ஆக்குங்க. அவங்க முறையா வசிக்கட்டும். அப்புறம் முறையா விட்டுக்குடுக்கட்டும்."

"அறையைச் சரி பண்ணத்தான் சார் இந்தச் சான்றே கேக்கறேன்."

"பாத்தீங்களா, உங்களுக்கே புரியுது!" என்று கண்காணிப்பாளர் மேசையைத் தட்டினார். "ஜனங்களுக்குச் சட்டம் புரியாதுன்னு யாரு சொன்னது?"

அப்போதுதான் வேன்காரரின் போன் அடித்தது. மனைவி. முதலில் அழுகைதான் கேட்டது, பேச்சு பிறகுதான் வந்தது.

சுவர் பெரும்பாலும் சந்துப் பக்கமாகத்தான் விழுந்தது. சந்தில் அப்போது யாரும் இல்லை. மேல்பகுதி மட்டும் உள்ளே சாய்ந்து அலமாரியைத் தள்ளியது. அக்கா புரூஃப் தாள்களை அள்ளிக்கொண்டு எழுந்தவர், வலது கையை முன்னால் நீட்டி அலமாரியைத் தடுக்கப் பார்த்திருக்கிறார். மணிக்கட்டில் இரண்டு இடத்தில் முறிவு. வேன்காரர் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரிப் பெஞ்சில் தலையெல்லாம் சுண்ணாம்புத்தூளோடு உட்கார்ந்திருந்தார்.

"மணி என்னடா?" என்று கேட்டார்.

"பதினொண்ணே முக்கால்."

"ஆபீஸ் நேரத்துல அறையை விட்டு வந்துட்டேன். எழுதிக்குவாங்களோ?"

அக்கா கேலியாகத்தான் கேட்டாரா என்று வேன்காரருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அக்கா இடது கையால் அவர் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நாலு நாள் கழித்துப் பதிவகத்திலிருந்து ஆளே வீட்டுக்கு வந்து அழைத்தது. உடனே வரவும், நல்ல செய்தி.

கண்காணிப்பாளர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "தீர்ந்தது! அறையே இல்லை. அறை இல்லைன்னா வசிப்புரிமை இல்லை. உரிமை இல்லைன்னா வில்லங்கம் இல்லை. யாரும் எதையும் எழுதிக் குடுக்க வேண்டாம், தானாவே கரைஞ்சு போச்சு. இவ்வளவு சுத்தமா ஒரு வில்லங்கம் தீர்ந்து நான் பாத்ததே இல்ல."

"எங்க அக்காவுக்குக் கை முறிஞ்சுடுச்சு சார்."

"யாருக்கு?"

"அக்காவுக்கு. அந்த... விவரம்."

"ஓ" என்றார் கண்காணிப்பாளர். "அந்த விவரத்தை அடிச்சாச்சு. நீங்க அதைப் பத்தி இனிமே கவலையே படவேண்டாம்."

சொற்பொருள் விழிப்புணர்வு மாதத்தின் நிறைவு விழா அன்றைக்குத்தான். மாடி ஹாலில் அலுவலகத்தார் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேன்காரரை மேடையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியில் பேசினார்.

"பெரியோர்களே! ஒரு சாதாரண மனிதர், ஒரு வில்லங்கத்தோட நம்மகிட்ட வந்தார். நாம ஒரு விதியையும் மீறலை. ஒரு படிவத்தையும் விடலை. பொறுமையா இருந்தோம். ஒண்ணுமே செய்யாம இருக்கறதுக்கு எவ்வளவு உழைப்பு வேணும்னு வெளியில இருக்கறவங்களுக்குத் தெரியாது. நாம ஒண்ணுமே செய்யலை, வில்லங்கம் தானா விழுந்தது! இந்த முறையை மற்ற கோப்புகளுக்கும் கொண்டுபோகணும்னு மேலிடத்துக்கு எழுதப் போறேன்."

கைதட்டினார்கள். சான்றைத் தருவதற்கு முன்னால் ஓர் உறுதிமொழியில் கையொப்பம் வேண்டும் என்று நாலாம் நம்பர் கவுன்ட்டர் அம்மா தாளைக் கொண்டுவந்து நீட்டினார். 'மேற்படி வீட்டில் என்னைத் தவிர வேறு எவருக்கும் இருக்கப் பாத்தியதை இல்லை என உறுதி கூறுகிறேன்.' வேன்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். இருக்கப் பாத்தியதை இல்லை. போட்டோ எடுப்பவர் கொஞ்சம் நிமிரச் சொன்னார். வீட்டில் பின்பக்கம் திறந்து கிடக்கிறது, சந்தில் போகிறவர்கள் அடுப்படி வரை பார்க்கிறார்கள், பெட்ஷீட் கட்டி மறைத்திருக்கிறது என்பதெல்லாம் அவர் கண்முன் வந்தது. கையெழுத்துப் போட்டார். இரண்டு கையாலும் சான்றை வாங்கிக்கொண்டார். நன்றி என்றும் சொன்னார். எதற்கு என்று கேட்டிருந்தால் அவரால் சொல்லியிருக்க முடியாது.

அனுமதிச் சீட்டு மறுநாளே வந்தது. கொத்தனார் சொன்னபடி நாலே நாளில் சுவர் எழுந்தது. ஹால் சோபாவில் படுத்துக்கொண்டிருந்த அக்கா தன் கட்டிலுக்குத் திரும்பினார். மாவுக்கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு, இடது கையால் புரூஃப் பார்க்கப் பழகிக்கொண்டிருந்தார். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்றுதான் வேன்காரர் நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றார்.

"தம்பி, அந்தப் புதுச் சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கலாமா?"

வேன்காரரின் கை நின்றுவிட்டது. அக்கா யாரையும் கேட்டு ஆணி அடித்தவரே இல்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அந்தச் சுத்தியல் சத்தத்தில்தான் அவர் எரிச்சலோடு எழுந்திருந்திருக்கிறார்.

"என்னைக் கேக்கறே?"

"உன் வீடு இல்லையா. அதான் கேட்டேன்" என்று அக்கா சாதாரணமாகச் சொன்னார். அதில் குத்தல் இல்லை. அதுதான் வேன்காரரால் தாங்க முடியவில்லை.

அடுத்த நாள் ஒன்பதரைக்குக் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு நேரே பதிவகத்துக்குப் போனார்.

"வாங்க" என்றார் நாலாம் நம்பர் கவுன்ட்டர் அம்மா. "உங்களுதுதான் முடிஞ்சுடுச்சே?"

"ஒரு வில்லங்கம் வைக்கணும்."

"எங்க?"

"எங்க வீட்டுல. பழையதே. அக்காவே. பழைய மாதிரியே எழுதிக் குடுங்க."

கவுன்ட்டர் அம்மா அவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, மேசை விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"நீக்கறதுக்கு ஏழு படிவம் இருக்கு. வைக்கறதுக்கு இல்ல."

"எங்க அப்பா வச்சாரே?"

"அப்ப வேற படிவம். அதை நிறுத்திட்டாங்க. இப்ப ஏறணும்னா உங்களுக்கும் அவங்களுக்கும் ஏதாவது தகராறு இருக்கணும். அவங்க உங்க மேல ஒரு கேஸ் போடட்டும். தீர்ப்பு வந்தா தானா ஏறிடும். தகராறு இருக்கா?"

"இல்லை."

"சின்னதா?"

"எங்களுக்குள்ள என்னங்க தகராறு? ஒண்ணுமே இல்ல."

"அப்ப கஷ்டம்" என்றார் கவுன்ட்டர் அம்மா. "நான் வேணும்னு சொல்லலை சார். சும்மா ஒருத்தர் ஒருத்தருக்குக் குடுக்கறதை எந்தப் பத்தியில எழுதறதுன்னு எனக்கே தெரியலை." பின்னால் நின்றவர் இருமினார். வேன்காரர் நகர்ந்து வழிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் நேரே பின்பக்கத்து அறைக்குப் போனார். போகிற வழியில் சுத்தியலையும் ஆணியையும் எடுத்துக்கொண்டார்.

"எங்கக்கா அடிக்கணும்?" என்று கேட்டார்.

"நான் பாத்துக்கறேன், நீ ஏன்..."

"எங்கன்னு சொல்லு!" முதல் தடவையாக அவர் கத்தினார். மனைவி கையில் கரண்டியோடு ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள்.

அக்கா கட்டிலுக்கு மேலே ஓர் இடத்தைக் காட்டினார். வேன்காரர் ஆணியை வைத்து ஓங்கி அடித்தார். ஆணி இறங்கியது. சுத்தியலை எடுத்ததும் ஒரு கட்டிப் பூச்சோடு சேர்ந்து வெளியே வந்து கட்டிலில் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு இடத்தில் அடித்தார். அங்கேயும் நிற்கவில்லை. மூன்றாவது தடவை கையை ஓங்கியபோது அக்கா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. பூச்சு இன்னும் ஈரமா இருக்கு. காஞ்சதுக்கப்புறம் அடிச்சுக்கலாம்."

வேன்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். படுக்கை விரிப்பில் விழுந்த ஈரக் காரையை அக்கா இடது கையால் வழித்தெடுத்தார்.

"எப்படியும் பத்து நாளாவது ஆகும்னு கொத்தனார் சொன்னார்" என்றார். "அவசரம் ஒண்ணும் இல்லையே."

சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்து, தம்பியின் முகத்தையும் நிலைப்படியில் நின்றவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, மறுபடியும் கேட்டார்.

"இல்லையே?"